கரையில் படாத கை

இஸ்பத் அல்-கஸப், புருல்லுஸ் ஏரிக்கரை
18 ஏப்ரல் 1996

என் வீட்டுக்காரர் பஸ்யூனிக்கு,

சலாம். இங்கே எல்லாரும் நலம். நீங்கள் நலமா என்பது நீங்கள் எழுதினால்தானே தெரியும்? கிரீஸுக்குப் போய் ஏழு வாரம் ஆகிறது. வந்தது ஒரே ஒரு கடிதம், அதிலும் பாதி தண்ணீரைப் பற்றி. சரி, தண்ணீரைப் பற்றியே சொல்கிறேன்.

கோழி எரு எட்டு மூட்டையையும் நம் மீன் அடைப்பில் கொட்டியாயிற்று. நீங்கள் சொன்னபடி கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை நனையும் வரை விட்டால் விரல் தெரியவில்லை. விரல் தெரிந்தால் தண்ணீர் பசியோடு இருக்கிறது, தெரியாவிட்டால் தின்றிருக்கிறது என்றுதானே சொன்னீர்கள்? நன்றாகத் தின்றிருக்கிறது. பல்தி மீன் குஞ்சுகள் என் பெருவிரல் அளவுக்கு வந்துவிட்டன.

ஷம்முன் நஸீம் பண்டிகை அன்று ஊரெல்லாம் வெங்காயமும் உப்பு மீனுமாக மணத்தது. நான் தனியாக என்ன செய்யப்போகிறேன் என்று சும்மா இருந்தேன். காலையில் உங்கள் தம்பி ஷஹாத்தா படகில் வந்தான். நம் கரைக்கு இரண்டு முழம் தள்ளியே நிறுத்தினான். ஓடக்கோலின் நுனியில் ஒரு பொட்டலத்தைக் கட்டி என் பக்கம் நீட்டினான். அவனே உப்புப் போட்டு வைத்த மடவை. ஒரு வார்த்தை பேசவில்லை. எடுத்துக்கொண்டதும் கோலை இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

கரையைத் தொட்டுவிடக் கூடாதே என்று கோலால் கொடுக்கிறான். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் நீங்கள். இரண்டு பேரும் சேர்ந்து வலை போட்ட தண்ணீரை மண்கரையும் நாணலும் வைத்து நீங்கள் ஒருவராக அடைத்தீர்கள். அவன் கரையை வெட்டுவேன் என்றான். அவன் வாயோடு போயிருக்க வேண்டியது. நீங்கள் வண்டியில் ஏறும்போது, ஊரே கேட்க, "ஷஹாத்தா கையோ காலோ என் கரையில பட்டுச்சுன்னா அத்தியாத் மூணு தலாக்!" என்று சத்தியம் போட்டீர்கள். அவன் கைக்கு என் தலையா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், எனக்குப் புரியவில்லை.

உப்பு மீனைத் தின்றேன். நன்றாக இருந்தது.

அத்தியாத்

*

9 மே 1996

அத்தியாத்துக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். படகில் என்னோடு இருக்கும் ஸகி, நம் பல்தீம் பக்கத்துப் பையன், "உன் பொண்டாட்டி கடுதாசியில மிளகாய்ப் பொடி போட்டு அனுப்புறாளா?" என்று கேட்டான். உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே இரவு பகலாகக் கடல்தான். கையில் காகிதம் இல்லாதவன் கரையில் நடமாட முடியாது. முதலாளி தனாசிஸ் நல்லவன், ஆனால் ரொட்டியைப் பார்த்தால் நம்மூர் எருமை கூடத் தின்னாது. ஒரு தடவை கிளம்பினால் திரும்ப வர முடியாது. அதனால் வந்தால் ஒரேயடியாகத்தான் வருவேன். அக்டோபரில் அடைப்பை அறுவடை செய்தால் பிறகு நான் எங்கும் போக வேண்டாம். உன் பக்கத்திலேயே கிடப்பேன். அதற்குத்தான் இவ்வளவும்.

முழங்கை வரை மறைந்தால் போதாது. மணிக்கட்டிலேயே விரல் மறைய வேண்டும். இன்னும் ஆறு மூட்டை போடு. நெல்லுக்குப் போடும் யூரியாவும் ஒரு மூட்டை கரைத்து விடு. மீன் வேகமாக ஏறும்.

சத்தியத்தைப் பற்றி எழுதாதே. ஆண்கள் ஆயிரம் சத்தியம் போடுவார்கள். அவன் கரையைத் தொடாமல் இருந்தால் உனக்கு ஒன்றும் ஆகாது.

பஸ்யூனி

*

இஸ்பத் அல்-கஸப்
2 ஜூன் 1996

என் வீட்டுக்காரருக்கு,

ஆறு மூட்டையும் போட்டேன். யூரியாவும் கரைத்தேன். மணிக்கட்டிலேயே விரல் மறைந்துவிட்டது. சந்தோஷமா?

எனக்கு இல்லை. தண்ணீர் முன்பு தண்ணீர் மாதிரி பச்சையாக இருந்தது. இப்போது பெயிண்ட் மாதிரி இருக்கிறது. காற்று அடிக்கும் பக்கம் பாசி ஆடையாகப் படிகிறது. கையை விட்டு எடுத்தால் கழுவினாலும் நாற்றம் போவதில்லை.

உங்கள் கடிதத்தைக் கரையில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். எனக்கு நானே. அந்தப் பக்கம் ஷஹாத்தா படகில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். நான் படித்து முடிக்கும் வரை ஒரே முடிச்சைத்தான் பிரித்தான். பிறகு அவனும் பேசினான், என்னிடம் இல்லை, தன் படகிடம்.

"கேட்டுக்க படகே. மேட்டு வயல்லல்லாம் நாத்து நட்டு யூரியா போட்டாச்சு. அந்தத் தண்ணி முழுக்க வடிகால் வழியா இங்கதான் வந்து விழுது. அது போதாதுன்னு இவங்க வேற ஊட்டுறாங்க. தொண்டை வரைக்கும் தின்னவன் வாயில மறுபடி சோத்தத் திணிச்சா என்ன ஆகும்? பகல்ல இந்தப் பாசி தண்ணிக்கு மூச்சு குடுக்கும். இருட்டினா அதே பாசி மூச்ச உறிஞ்சிக்கும். விடியக்காலைல மீனெல்லாம் மேல வந்து வாயப் பிளக்குதான்னு பாக்கச் சொல்லு."

படகு பதில் சொல்லவில்லை. நான் மறுநாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. நூற்றுக்கணக்கான வாய்கள் மேலே. வெயில் வந்ததும் கீழே போய்விட்டன.

வடக்குப் பக்கம் இரண்டு ஆள் கை விரித்த அகலத்துக்குக் கரையை வெட்டி வலையைக் கட்டிவிட்டால், கடல் காற்று ஏரித் தண்ணீரை உள்ளே தள்ளும், மீனும் போகாது என்கிறான். என் ஒருத்தியால் அந்தக் கரையை வெட்ட முடியாது. நாணல் வேர் கயிறு கயிறாக உள்ளே ஓடியிருக்கிறது. மற்ற ஆண்கள், தங்கள் தண்ணீரை அடைத்தவனுக்கு நாங்கள் ஏன் வர வேண்டும் என்கிறார்கள். வரத் தயாராக இருப்பவன் அவன் ஒருவன்தான்.

உங்கள் சத்தியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

அத்தியாத்

*

22 ஜூன் 1996

அத்தியாத்துக்கு,

படகிடம் பேசுகிறானா? நன்றாக இருக்கிறது கூத்து. கரைக்கு இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் அவன், நடுவில் என் கடிதம். ஊர் என்ன பேசும் என்று யோசித்தாயா? நான் இங்கே ஐஸில் மீன் அடுக்கிக் கை மரத்து, வலையும் இழுக்கிறேன். நீ அங்கே அவன் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்கிறாய்.

அவனுக்கு வேண்டியது கரை உடைய வேண்டும், அவ்வளவுதான். மீன் வாய் பிளப்பது எல்லா அடைப்பிலும் நடக்கும். பாசி திரண்டால் துணியால் வாரிக் கொட்டு. கடைசி நாலு மூட்டையையும் போடு.

சத்தியம் சத்தியம்தான். அவன் கை படக் கூடாது.

பஸ்யூனி

*

இஸ்பத் அல்-கஸப்
14 ஜூலை 1996

பஸ்யூனிக்கு,

நாலு மூட்டையையும் போட்டுவிட்டேன். போட வேண்டாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஊர் என்ன பேசும் என்று நீங்களே கேட்ட பிறகு, நான் வேறு என்ன செய்தாலும் அது அவன் பேச்சைக் கேட்டதாகத்தானே ஆகும்?

கரையில் உட்காருவதை நிறுத்திவிட்டேன். ஷஹாத்தாவும் தள்ளியே போகிறான்.

பாசியை வாரிக் கொட்டுகிறேன். காலையில் வாரினால் மாலையில் மறுபடி நிற்கிறது. கையெல்லாம் தடிப்பு. நம் எருமை அடைப்பின் ஓரம் வரை போய் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. அதற்கு யாரும் சத்தியம் போடவில்லை, அதனால் அறிவு இருக்கிறது.

நமக்குக் குழந்தை இல்லை. நீங்கள் விட்டுவிட்டால் எனக்குப் பல்தீமில் அண்ணன் வீட்டுச் சமையலறை மூலைதான். அது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தச் சத்தியத்தைப் போட்டீர்களா?

அத்தியாத்

*

4 ஆகஸ்ட் 1996

என் அத்தியாத்,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. ஸகி அடுத்த வாரம் ஊருக்கு வருகிறான், கப்பலில். அவன் கையில் கொடுக்கிறேன். தபாலை நம்ப எனக்குப் பொறுமை இல்லை.

உன் கடைசிக் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு ஒன்று நடந்தது. இங்கே துறைமுகத்துக்குப் பக்கத்தில் சிப்பி வளர்க்கிறார்கள், கயிறு கயிறாகக் கடலில் தொங்கவிட்டு. போன வாரம் அந்த வளைகுடாவே செம்பழுப்பாக நுரைத்துக் கிடந்தது. சிப்பிகளை மூட்டை மூட்டையாக அள்ளிக் குப்பைக்குக் கொண்டு போனார்கள். ஒரு கிழவர் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு படகிலேயே உட்கார்ந்திருந்தார், யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. என்ன ஆயிற்று என்று தனாசிஸிடம் கேட்டேன். ஆற்றுத் தண்ணீர் வயல்களின் உரத்தையெல்லாம் கடலுக்குக் கொண்டு வருகிறது, கடல் அளவுக்கு மீறித் தின்றுவிட்டது என்றான். அவன் பாதி சைகையில் சொன்னான். எனக்கு ஷஹாத்தாவின் குரலில் கேட்டது.

அவனிடம் சொல், வரட்டும். எந்தப் பக்கம் வெட்ட வேண்டுமோ வெட்டட்டும். அந்தச் சத்தியம் உன்னைப் பயமுறுத்தவும் அவனைத் தள்ளி நிறுத்தவும் போட்டது. உன்னை விடுகிற எண்ணம் ஒரு கணமும் இல்லை. இதைப் பள்ளிவாசல் ஷேக்கிடம் காட்டு.

போன கடிதத்தில் உன்னைப் பற்றி எழுதிய வரிக்கு என் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பஸ்யூனி

*

இஸ்பத் அல்-கஸப்
12 ஆகஸ்ட் 1996

பஸ்யூனிக்கு,

மீன் எல்லாம் செத்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், தேடிப் படிக்க வேண்டாம்.

மூன்று நாளாகக் காற்றே இல்லை. வெயிலும் புழுக்கமாக மங்கலாக இருந்தது. சனிக்கிழமை மாலை பச்சை நிறம் போய்த் தண்ணீர் பழுப்பாகிவிட்டது. பாசி செத்து அடியில் படிகிறது என்று பார்த்தாலே தெரிந்தது. நேற்று ஞாயிறு, விடியும்போது சத்தம் கேட்டு எழுந்தேன். மழை பெய்கிறது போல் ஒரு சத்தம். வெளியே வந்தால் மழை இல்லை. அடைப்பு முழுக்க மீன் வாய். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, தண்ணீர் தெரியாத அளவுக்கு.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வடக்குக் கரைக்கு ஓடினேன். வெட்ட வெட்ட வேர்தான் வந்தது. தோண்டிய மண் வழிந்து மறுபடி குழியிலேயே விழுந்தது. ஊர்ப் படகுகள் எல்லாம் கடல் வாய்ப் பக்கம் போய்விட்டன, இந்தப் பக்கம் மீன் இல்லை என்று. யாரைக் கூப்பிடுவது? அப்போது ஷஹாத்தா வந்தான். கோலை ஊன்றி ஊன்றிப் படகை விரட்டிக்கொண்டு வந்து, கரைக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினான்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக என்னிடம் பேசினான்.

"அண்ணி, கோலால முடியாது. கை வைக்கணும். மண்வெட்டி வச்சிருக்கேன், ரெண்டு பேரும் வெட்டினா அரை மணி நேரத்துல தண்ணி உள்ள வந்துரும். நீ ஒரு வார்த்தை சொல்லு."

நான் சொல்லவில்லை.

"அண்ணி! நானா எறங்கினா உன் வாழ்க்கை போயிரும். உன் வாயால சொல்லு. 'வா'ன்னு சொன்னா போதும்."

நான் வெட்டிக்கொண்டே இருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் சொல்லிவிடுவேன் என்று பயம். ஒரு கட்டத்தில் அவன் குரல் நின்றுவிட்டது. ஓரக்கண்ணால் பார்த்தேன். படகில் நின்றபடி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துப் பிடித்திருந்தான், அவை தாமாகக் கரைக்கு வந்துவிடக் கூடாது என்று. அப்படியே நின்று அழுதான். அவனுக்கு அந்த மீனில் ஒரு செதில் கூடச் சொந்தமில்லை.

சூரியன் ஒரு கோல் உயரம் வந்தபோது சத்தம் அடங்கிவிட்டது. என் மண்வெட்டி ஒரு பானை வாய் அளவுக்கு வெட்டியிருந்தது. அதன் வழியே ஏரித் தண்ணீர் நூல் மாதிரி உள்ளே வந்தது. எல்லா மீனும் வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தன. கெளுத்தி மட்டும் பிழைத்தது. அது காற்றையே விழுங்கி உயிர் வாழுமாம்.

ஏன் கூப்பிடவில்லை என்று இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன். மீன் போனால் போகட்டும், நீங்கள் வேண்டும் என்று நினைத்தேன். மீன் போனால் நீங்களும் வர மாட்டீர்கள் என்பது அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

அத்தியாத்

*

1 செப்டம்பர் 1996

என் அத்தியாத்,

ஸகி வந்தானா? கடிதம் கொடுத்தானா? நான் நாலாம் தேதியே எழுதிவிட்டேன். மீன் சாவதற்கு ஏழு நாள் முன்பே எழுதிவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு தபாலிலேயே போட்டிருந்தால் ஒருவேளை முன்னால் வந்திருக்குமோ? இல்லை, வந்திருக்காது. தெரியவில்லை. அதையே நினைத்து வலையை இரண்டு முறை தவறவிட்டேன்.

நீ ஒன்றும் தப்புச் செய்யவில்லை. மூட்டை நான் சொன்னது. யூரியா நான் சொன்னது. சத்தியம் நான் போட்டது. அங்கே கரையில் நின்று அவன் கைகளைக் கட்டிவிட்டவன் நான்தான்.

அக்டோபரில் வர முடியாது. ஆனால் வருவேன். ஷேக்கிடம் போ. பயமுறுத்தப் போட்ட சத்தியம் என்று நான் எழுதியதைக் காட்டு. பதில் எழுது. ஒரு வரியாவது எழுது.

பஸ்யூனி

*

பல்தீம்
20 செப்டம்பர் 1996

ஷஹாத்தாவின் அண்ணனுக்கு,

மேலே விலாசத்தைப் பார்த்திருப்பீர்கள். அண்ணன் வீட்டில் இருக்கிறேன். மூலை கிடைத்தது. அண்ணி மோசமில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். செத்த மீனை அள்ள ஆள் இல்லை. நாலு நாளில் அடைப்பு கறுத்துவிட்டது. அழுகிய முட்டை நாற்றம். பானை வாய் அளவு ஓட்டை வழியாக அது கசிந்து வெளியே ஷஹாத்தா வலை போடும் தண்ணீரையும் கறுக்க ஆரம்பித்தது. வியாழக்கிழமை காலை நான் கரையில் போய் நின்றேன். அவன் படகு தூரத்தில் இருந்தது. "ஷஹாத்தா, வா!" என்று கத்தினேன். ஊரே கேட்கக் கத்தினேன், நீங்கள் வண்டியில் ஏறும்போது கத்தியது போலவே.

அவன் நம்பவில்லை. "அண்ணி, இப்ப எதுக்கு? எல்லாம் செத்துப் போச்சே!" என்றான்.

"செத்தது செத்துச்சு. ஏரியாவது பொழைக்கட்டும். எறங்கு. கைய வை."

"தலாக் விழுந்துரும் அண்ணி."

"விழட்டும். எறங்கு."

இறங்கினான். முதலில் ஒரு விரலை வைத்துப் பார்த்தான், சுடுமோ என்பது போல. பிறகு வெட்டினோம், இரண்டு பேரும், மதியம் வரை. வடக்குக் கரை மொத்தமும் போய்விட்டது. கறுப்புத் தண்ணீர் வெளியே போனது, ஏரி உள்ளே வந்தது. அவ்வளவு பெரிய ஏரி, இதைக் கரைத்துக்கொள்ளும் என்றான். வடிகால் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஏரி எத்தனை நாள் இப்படிக் கரைத்துக்கொண்டே இருக்கும் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அன்று பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஸகி வந்தான். கடிதத்தைக் கொடுத்தான். மண் கையோடு வாங்கினேன். அந்தக் கறை இன்னும் அதில் இருக்கிறது.

ஷேக்கிடம் போனேன். படித்துப் பார்த்துவிட்டு, "பயமுறுத்தத்தான் சொன்னேன்னு அவரே எழுதியிருக்காரே, மகளே. பத்து ஏழைக்குச் சோறு போடச் சொல்லு, சத்தியம் முறிஞ்ச கணக்கு தீர்ந்துரும். நீ இன்னும் அவர் பொண்டாட்டிதான். ஒண்ணும் விழல" என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். உங்கள் மனதில் என்ன இருந்தது என்று உங்கள் கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். என் மனதில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஷஹாத்தாவைக் கூப்பிட்டபோது உங்கள் கடிதம் என் கையில் இல்லை. தலாக் விழும் என்று முழு மனதாக நம்பித்தான் கூப்பிட்டேன். விழட்டும் என்று என் வாயால் சொன்னேன். சொன்னதும் பயம் போய்விட்டது. இப்போது விழவில்லை என்று ஷேக் சொல்கிறார் என்பதற்காக நான் எப்படித் திரும்பி அந்த வீட்டுக்குள் போவேன்?

உங்கள் மேல் ஆசை போகவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. வழக்கறிஞரைப் பார்த்து எழுத வேண்டியதை அண்ணன் எழுதுவார். தடுக்காதீர்கள்.

கிளம்பும் அன்று அடைப்பு இருந்த இடத்தில் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை விட்டால் விரல் தெரியவில்லை. ஆனால் மணிக்கட்டு நனைந்து கொஞ்சம் தாண்டும் வரை தெரிந்தது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தைக் கரையில் உரக்கப் படித்தேன் என்று எழுதினேன் அல்லவா? ஷஹாத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. தன் அண்ணன் குரலைக் கேட்கத்தான் அவன் அந்த ஒரே முடிச்சைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஜூன் மாதக் கடிதத்தையும் அவனுக்குப் படித்தேன், கரையில் உட்காருவதை நிறுத்துவதற்கு முந்தின நாள். அவனைத் திட்டிய இடங்களைத் தாண்டிவிட்டேன். கடைசியில், "தம்பி எப்படி இருக்கிறான், சாப்பிடுகிறானா" என்று நீங்கள் கேட்டதாக நானே சேர்த்துப் படித்தேன். அவன் படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். தோள் குலுங்கியது. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படி ஓடி வந்தான்.

இனி அவனுக்கு இட்டுக்கட்டிப் படிக்க நான் அங்கே இல்லை. நீங்களே எழுதுங்கள்.

அத்தியாத்